ராசையாவின் லிட்மஸ் நாக்கு

தவசு காலம் தொடங்கும் விபூதிப் புதன் அன்று ராயபுரம் மாதா கோயிலில், நெற்றியில் சாம்பலோடு மண்டியிட்டு ராசையா சபதம் செய்தான். பாஸ்கு என்னும் ஈஸ்டர் திருநாள் வரை வெற்றிலையைத் தொடமாட்டானாம். பக்கத்தில் இருந்த பெண்டாட்டி சிலுவையம்மாள் அதோடு விடவில்லை. சபதம் உடைந்தால் அவன் அப்பன் வைத்துவிட்டுப் போன வெள்ளிச் சுண்ணாம்புச் சிமிழை உருக்கி மகள் ஐரீனுக்குக் கொலுசு செய்துவிடுவதாக மாதா சாட்சியாகச் சொன்னாள். கோயில் வாசலைத் தாண்டுமுன் சிமிழ் அவள் இடுப்புக்குப் போய்விட்டது. அப்பன் நினைவாக அவனிடம் மிஞ்சியிருந்தது அது ஒன்றுதான்.

சபதம் மூன்று நாள் தாங்கியது. நாலாம் நாள் சாயங்காலம் ஸ்டேஷன் எதிரே ஹபீபுல்லாவின் வெற்றிலைக் கடையில் கால் தானாக நின்றது. நின்ற காலோடு ராசையா இன்னொரு தீர்மானமும் எடுத்தான். வெற்றிலையையும் விடுவதில்லை, சிமிழையும் விடுவதில்லை.

ஆள் லேசுப்பட்டவன் இல்லை. ரயில்வேயில் இன்ஜின் பாய்லருக்குப் போகும் தண்ணீரைச் சோதிக்கும் அறையில் எடுபிடி. தண்ணீரில் புளிப்பு இருந்தால் நீல லிட்மஸ் தாள் சிவக்கும், காரம் இருந்தால் சிவப்புத் தாள் நீலமாகும், இரண்டும் மாறாவிட்டால் தண்ணீர் நல்ல தண்ணீர். இந்த மூன்றைத் தெரிந்துகொண்டு ஊரில் பாதிப் பேரை அவன் இளக்காரமாகப் பார்த்தான். சிலுவையம்மாளை முழுசாகவே.

வாய் சிவப்பது சுண்ணாம்பால், சுண்ணாம்பு காரம், காரத்தை அடக்கப் புளிப்பு. ஆகவே தினமும் வெற்றிலை போட்டுத் துப்பியதும் அரை எலுமிச்சம்பழத்தால் பல்லைத் தேய்ப்பான். தண்ணீர் விட்டுக் கொப்பளிப்பான். விரலில் மிஞ்சிய சுண்ணாம்பை ஸ்டேஷன் சுவரில் தடவுவான். பிறகு நாக்கில் இரண்டு தாளையும் ஒட்டிப் பார்ப்பான். நீலம் நீலமாகவும் சிவப்பு சிவப்பாகவும் இருந்தால்தான் வீட்டுப் பக்கம் திரும்புவான். தாளைத் தின்கிறான் என்று ஹபீபுல்லா மனம் வருந்தி ஒரு வாழைப்பழம் கொடுத்தார்.

வீட்டிலும் உபசாரத்துக்குக் குறைவில்லை. வாசலிலேயே சிலுவையம்மாள் மஞ்சள் நீரில் நனைத்த துண்டை நீட்டுவாள். வெயில் காலம், வேர்க்குரு வராமல் இருக்கும், கையைத் துடை என்பாள். துடைத்ததும் வாங்கி மடித்துக்கொண்டு உள்ளே போய்விடுவாள். பெண்டாட்டிக்குப் பாசம் வந்துவிட்டது என்று ராசையா பூரித்தான். இரண்டாம் வாரம் ஐரீன் காலில் புதுக் கொலுசு குலுங்கியது. மாமன் வாங்கித் தந்தது என்றாள் தாய். நன்றாக இருக்கிறது என்று ராசையா வாயாரச் சொன்னான்.

பாஸ்கு பூசை முடிந்து வந்ததும் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சிமிழைக் கேட்டான். சிலுவையம்மாள் துண்டைக் கொண்டுவந்து விரித்தாள். மஞ்சளில் வரிசையாகச் செக்கச்செவேலென்று புள்ளிகள்.

திருடனுக்குத் தேள் கொட்டியதுபோல நின்றான் ராசையா. ஆனாலும் படித்த படிப்பு கைகொடுத்தது.

"இது சோப்பும்மே. பட்டறைல சோப்பு போட்டுக் கை கயுவுறேன்ல. அதுவும் காரந்தான். மஞ்சளைச் செவக்க வெக்கும்."

"சோப்புன்னா கை முச்சூடும் செவக்கணும். இது ஆள்காட்டி வெரலு நுனி மட்டும் கீது. நாளுக்கு ஒண்ணு. ஞாயித்துக்கெயமை மட்டும் இல்ல."

விரல் சுண்ணாம்பைத் தினமும் சுவரில் துடைத்தவன் நகத்தடியைத் துடைக்கவில்லை. கடைசி ஆயுதமாக, படிக்காத நீ இந்த ரசாயனத்தை எங்கே கற்றாய் என்று கேட்டான்.

"நம்ம கண்ணாலத்துல ஆரத்தி எடுத்தாங்களே, அந்தத் தண்ணி எப்டிச் செவந்துச்சு? மஞ்சளும் சுண்ணாம்புந்தான். ரத்தம்னு நெனைச்சியா?"

ராசையாவின் குரல் இறங்கியது. அப்பன் பேரைச் சொல்லிக் கெஞ்சினான். இந்த ஒரு தடவை சிமிழை உருக்க வேண்டாம், அடுத்த தவசு காலத்தில் சத்தியமாக விட்டுவிடுகிறேன் என்றான்.

"மொதப் புள்ளி வுயுந்த வாரமே ஆசாரி கைல குடுத்துட்டேன்யா. நல்லா கீதுன்னு நீதான சொன்னே."