குருத்து ஞாயிறும் என் ஆம்ப்ளிஃபையரும்

ஓம் விதிக் கணக்கில் நான் நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டு வாங்கியவன். இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை, குற்றத்தை ஒப்புக்கொள்வதற்காகச் சொல்கிறேன். தெரியாமல் தப்புச் செய்தவனுக்கு மன்னிப்பு உண்டு. நானோ நாலு பேருக்குப் பாடம் நடத்தும் அளவுக்குத் தெரிந்துவைத்துக்கொண்டு செய்தேன். அதுவும் குருத்து ஞாயிறு காலையில், கோயில் சனம் மொத்தமும் பார்க்க, எனக்கு மாமனாராக வேண்டியவரின் கண் முன்னால்.

அப்போது எனக்கு இருபத்தேழு வயது. பீளமேட்டில் ஒரு பம்ப் கம்பெனியில் மோட்டார் டிசைன் பிரிவில் வேலை. (டிசைன் என்றதும் பயந்துவிட வேண்டாம். சீனியர் போட்ட வரைபடத்தில் தேதியை மாற்றுவதுதான் முதல் இரண்டு வருஷ வேலை.) எங்கள் கோயில் பாடகர் குழுவில் ரெஜினா பாடிக்கொண்டிருந்தாள். கல்யாணம் செய்துகொள்வதென்று நாங்கள் இருவரும் முடிவெடுத்திருந்தோம். என் வீட்டில் சம்மதம் சொல்லிவிட்டார்கள். பாக்கி இருந்தவர் அவளுடைய அப்பா சூசை மாஸ்டர். வாரத்தில் ஆறு நாள் கருகிப்போன மோட்டார்களுக்குப் புதுக் காயில் சுற்றும் ரீவைண்டிங் கடை, ஏழாம் நாள் கோயிலில் கொயர் மாஸ்டர்.

பெண் கேட்டுப் போனோம். காபி கொடுத்தார், முறுக்கு கொடுத்தார், கடைசியில் "பாக்கலாமுங்க தம்பி" என்றார். கோயமுத்தூர்க்காரர்களுக்கு இதன் பொருள் தெரியும். முடியாது என்று முகத்துக்கு நேரே சொல்ல எங்கள் ஊரில் யாருக்கும் வாய் வராது. பாக்கலாமுங்க என்று சொல்லி, வாசல்வரை வந்து, பார்த்துப் போங்க என்று வழியனுப்புவார்கள். அதோடு விஷயம் முடிந்தது.

என்ன குறை என்று ரெஜினா விசாரித்துச் சொன்னாள். பையன் நல்ல பையன்தான், படிப்பும் இருக்கிறது, ஆனால் கைவேலை தெரியாத இன்ஜினியர் என்பது அப்பாவின் கருத்தாம். எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. அவர் சொன்னது முழுக்க உண்மை என்பதும் கோபத்துக்கு ஒரு காரணம்.

இந்தச் சமயத்தில்தான் நான் ஒரு பழைய கார் வாங்கியிருந்தேன். கார் என்றால் ஓட வேண்டும் என்பது ஒரு கட்சி, அதிர வேண்டும் என்பது இன்னொரு கட்சி. நான் இரண்டாவது. உக்கடத்தில் கார் ஆடியோ கடை வைத்திருந்த காதர் பாயிடம் போய், பன்னிரண்டு அங்குல சப்வூஃபர் இரண்டும் அவற்றை ஓட்ட ஓர் ஆம்ப்ளிஃபையரும் வாங்கினேன். சப்வூஃபர் என்பது அடித்தொண்டைச் சத்தத்துக்கு மட்டுமான ஸ்பீக்கர். பாட்டுக் கேட்க உதவாது, நெஞ்செலும்பு ஆட உதவும்.

ஒவ்வொரு சப்வூஃபரிலும் இரண்டு காயில், ஆக மொத்தம் நான்கு. அவற்றை எப்படிக் கோக்கிறோமோ அதைப் பொறுத்து மொத்தத் தடை மாறும். தடை குறைந்தால் ஆம்ப் அதிகக் கரண்டைத் தள்ளும். சத்தம் கூடும், சூடும் கூடும். இரண்டு ஓமுக்குக் கீழே போகக் கூடாது என்று ஆம்ப் வந்த அட்டைப் பெட்டியிலேயே அச்சடித்திருந்தது. பாய் நான்கு ஓம் வருகிற மாதிரி கோத்துக்கொண்டிருந்தார். நான் சும்மா இருக்க மாட்டாமல், நான்கையும் பக்கம் பக்கமாக இணைத்தால் ஒரு ஓம்தானே வரும், சத்தம் இன்னும் பலமாக இருக்குமே என்றேன். பாய் ஸ்குரூ டிரைவரைக் கீழே வைத்தார்.

"சார் பம்ப் கம்பெனியிலதான இருக்கறீங்க? ஒரே மோட்டாருல நாலு பைப்ப மாட்டி, நாலு வால்வையும் முழுசாத் தொறந்து உட்டா என்னாகுமுங்க?"

"லோடு ஏறி காயில் கருகிப்போகுமுங்க" என்று முதல் பெஞ்சுக்காரன்போல் பதில் சொன்னேன்.

"அதேதானுங்க இதுவும்."

"அது வேறங்க பாய், இது வேற."

எப்படி வேறு என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் மாட்டியிருப்பேன். சிரித்துக்கொண்டே நான்கு ஓமுக்கே கோத்து முடித்தார். வீட்டுக்குப் போய் நானே மாற்றிக்கொள்கிறேன் என்று வீறாப்பாகச் சொல்லிவிட்டு வந்தேன். வந்தபின் சோம்பேறித்தனத்தில் இரண்டு வாரம் அப்படியே ஓட்டினேன். ஒரு குறையும் இல்லை. (அந்தச் சோம்பேறித்தனம் இன்னும் ஒரே ஒரு வாரம் நீடித்திருக்கலாம்.)

குருத்து ஞாயிற்றுக்கு முந்தின நாள் பாட்டுப் பயிற்சியின்போது ஃபாதர் கவலையோடு வந்தார். வருஷா வருஷம் குருத்தோலைப் பவனிக்கு முன்னால் போகிற ஸ்பீக்கர் கட்டிய ஆட்டோ இந்த வருஷம் வராதாம். தேர்தல் நேரம், ஊரில் இருந்த எல்லா ஆட்டோவையும் பிரச்சாரத்துக்கு எடுத்துக்கொண்டார்கள். மில் காலனி மாதா கெபியிலிருந்து கோயில்வரை ஒரு கிலோமீட்டர், முந்நூறு பேர், மைக் இல்லாமல் எப்படி என்றார். நான் எழுந்து, என் காரை முன்னால் விடலாம் ஃபாதர், நல்ல சவுண்ட் சிஸ்டம் இருக்கிறது என்றேன். சூசை மாஸ்டர் அப்போதுதான் முதன்முறையாக என்னை ஒரு பொருட்டாக நிமிர்ந்து பார்த்தார்.

"ஒயரிங்கெல்லாம் தம்பியே பாத்துக்குவீங்களா?"

"நானேதானுங்க மாஸ்டர்."

"அப்பப் பாத்துரலாமுங்க" என்றார். இந்தப் பாத்துரலாமுங்க வேறு. இதில் ஒரு கதவு திறந்திருந்தது. ரெஜினா பாட்டுப் புத்தகத்தை முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

திறந்த தெருவில் நான்கு ஓம் போதாது என்று நானாகவே முடிவு செய்தேன். அன்று சாயந்திரம் டிக்கிக்குள் தலையை விட்டு, பாய் கோத்ததை எல்லாம் பிரித்து, நான்கு காயிலையும் பக்கம் பக்கமாக இணைத்தேன். ஒரு ஓம். சோதித்துப் பார்த்தேன், இரண்டு நிமிஷம், அதுவும் அம்மா திட்டுவாள் என்று மெல்லிய சத்தத்தில். அருமையாக ஓடியது.

காலையில் காரைச் சுற்றிக் குருத்தோலை கட்டியாயிற்று. கம்பியில்லா மைக்கை ஸ்டீரியோவில் இணைத்தேன். நான்கு கதவு ஸ்பீக்கர்களிலும் குரல், டிக்கியில் கம்பீரம். ஃபாதர் சிலுவை அடையாளம் வரைந்து ஆரம்பித்தார். தந்தை, மகன், தூய ஆவியாரின் என்பதுவரை ஒன்றுமில்லை. "பெயராலே" என்றதும் டிக்கியில் ஒரு வேட்டு வெடித்தது. அவர் உதட்டைப் பிரித்துப் 'ப' சொல்லும் ஒவ்வொரு தடவையும் மைக்கில் காற்று மோதி, சப்வூஃபர் அதைப் பீரங்கியாக்கிக் கொடுத்தது. பாவம் என்றார், பரலோகம் என்றார், இரண்டுக்கும் ஒரே வெடிதான். தெருநாய்கள் எதிர்த்திசையில் ஓடின. நான் பெருமையோடு அடிச்சத்தத்தைக் கூட்டும் பாஸ் திருகியை இன்னும் கொஞ்சம் ஏற்றினேன்.

பாதி வழியில் வெடிகள் நின்றன. கொஞ்சம் கழித்துத் தானாகவே வந்தன, மறுபடி நின்றன. ஆம்ப் சூடு தாங்காமல் தன்னைத்தானே அணைத்துக்கொண்டு கெஞ்சுகிறது என்பது தொண்ணூற்றெட்டு மார்க் வாங்கியவனுக்கு உறைத்திருக்க வேண்டும். நான் திருகியை இன்னும் ஏற்றினேன்.

அப்போதுதான் பின்னால் ஒரு பரவசம் தெரிந்தது. கண்ணாடியில் பார்த்தேன். டிக்கி இடுக்கிலிருந்து வெள்ளைப் புகை மெல்ல எழுந்து குருத்தோலைகளுக்கு நடுவே பரவிக்கொண்டிருந்தது. முன்வரிசையில் நடந்துவந்த மேரி அக்கா, நான் சாம்பிராணிக்கும் ஏற்பாடு செய்திருப்பதாக நினைத்து, புகையை இரண்டு கையாலும் வாரி முகத்தில் ஒற்றிக்கொண்டு நெஞ்சில் சிலுவை போட்டார். பக்கத்தில் இருந்தவர்களும் அப்படியே செய்தார்கள். ஒரு நிமிஷம் என் கார் உண்மையிலேயே புனிதமாக இருந்தது.

கொயருக்கு முன்னால் வந்த சூசை மாஸ்டர் மட்டும் நின்று மூக்கை உறிஞ்சினார். முப்பது வருஷமாக அந்த வாசத்தில் சோறு தின்றவர்.

"இது சாம்பிராணி இல்லீங்க. காயில் கருகுற வாசம்."

பிறகு நடந்தது கலவரம். நான் வண்டியை அணைத்துவிட்டு இறங்கி ஓடுவதற்குள், டிக்கியைத் திறந்து முப்பது பெண்கள் மந்திரித்த குருத்தோலையால் என் சப்வூஃபர்களை அடித்துக்கொண்டிருந்தார்கள். மாஸ்டர் அவர்களை விலக்கிவிட்டு, பேட்டரி ஒயரைக் கழற்றச் சொல்லி, துண்டைக் கையில் சுற்றிக்கொண்டு ஆம்பைப் பலகையிலிருந்து பெயர்த்தெடுத்தார். ஃபாதர் என்னைப் பார்த்து, யாருப்பா இதை மாட்டுனது என்று கேட்டார்.

இங்கே நான் உண்மையைச் சொல்லியிருக்கலாம். சுற்றிலும் முந்நூறு பேர். நடுவில் ரெஜினா. என் வாயிலிருந்து வந்தது இதுதான்: "உக்கடத்துல கடைக்காரருதானுங்க ஃபாதர் மாட்டிக் குடுத்தாரு."

மாஸ்டர் கையிலிருந்த ஆம்பைத் திருப்பினார். அடித்தகட்டில் வெள்ளை மார்க்கரில் தெளிவான கையெழுத்து. கொயர் மாஸ்டர் குரலுக்கு மைக் வேண்டியதில்லை. தெருமுனை வரைக்கும் கேட்கும்படி வாசித்தார்.

"நான்கு ஓம் மாட்டிக் கொடுத்துள்ளேன். ஒரு ஓம் வேண்டாம் என்று சொன்னேன். சார் கேட்கவில்லை. காதர்."

நாளைக்கு வாரண்டி கேட்டு வந்து நிற்பேன் என்று பாய் அன்றைக்கே கணித்து எழுதி வைத்திருக்கிறார். யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் தேவலை. எனக்கு அங்கேயே அழுகை வந்தது. ஆம்ப் போனது பெரிதில்லை. முறுக்கும் கையுமாக வழியனுப்பப்பட்டவன் இப்போது பொய்யனும் ஆகிவிட்டேன், அதுவும் ரெஜினாவின் எதிரில். நான்தானுங்க மாத்தினேன், பாய் பேரில் தப்பில்லை என்று தரையைப் பார்த்துச் சொன்னேன்.

வண்டி மறுபடி கிளம்பவில்லை. அரைக் கிலோமீட்டர் அடித்த வெடியில் பேட்டரியும் செத்திருந்தது. குறுகலான தெருவில் வண்டியைத் தாண்டிப் பவனி போக வழியும் இல்லை. எட்டுப் பேர் தள்ள, நான் ஸ்டீரிங் பிடிக்க, மைக் இல்லாத தெருவில் மாஸ்டர் கையை உயர்த்தினார். கொயர் பாடியது. முந்நூறு பேரும் தொண்டையைத் திறந்து ஓசன்னா பாடினார்கள். பால்கனிகளில் ஆட்கள் வந்து நின்று கேட்டார்கள். கோயிலில் ஃபாதர் பிரசங்கத்தை இப்படி ஆரம்பித்தார்: ஆண்டவர் அன்றைக்கு எருசலேமுக்குக் கழுதை மேல் ஏறிப் போனார், நமக்கு இன்றைக்குக் கழுதை காருக்குள் உட்கார்ந்து வந்தது. முந்நூறு தலைகள் என் பக்கம் திரும்பின.

செவ்வாய்க்கிழமை மாஸ்டர் என்னைக் கடைக்குக் கூப்பிட்டனுப்பினார். என் ஆம்ப் அவர் மேசையில் பிரித்துக் கிடந்தது. உட்காரச் சொன்னார். நான் உட்காரவில்லை.

"இருவது வருஷமாக் கொயர் நடத்தறனுங்க தம்பி. அந்த ஆட்டோ ஸ்பீக்கரு போடற சத்தத்துல என்ற கொயர் புள்ளைக பாடறது ஒருத்தர் காதுலயும் உழுந்ததில்ல. ஞாயித்துக்கெழமதானுங்க கேட்டுச்சு." அவர் கண் கலங்கியிருந்தது. "பொய் சொன்னீங்க, அப்பறம் ஒத்துக்கிட்டீங்க. செரி, போவுது. பொண்ணக் குடுக்கறனுங்க. ஆனா ஊட்டுல ஒரு ஒயரத் தொடமாட்டேன்னு எனக்கு எழுதிக் குடுத்துப்போடுங்க."

எழுதிக் கொடுத்தேன். ரெஜினா சாட்சிக் கையெழுத்துப் போட்டாள்.

கல்யாணமாகி எட்டு வருஷம் ஆகிறது. இன்றைக்கு நான் டிசைன் செய்த மோட்டார்கள் பெருந்துறை வரைக்கும் ஓடுகின்றன. என் வீட்டில் பல்பு போனால் ரெஜினாதான் ஸ்டூல் போட்டு ஏறுகிறாள். அந்த ஆம்பின் அடித்தகட்டை மாமனார் சட்டம் போட்டுக் கல்யாணப் பரிசாகக் கொடுத்தார். மற்ற வீடுகளில் குடும்பப் படம் தொங்குகிற இடத்தில் எங்கள் வீட்டில் "சார் கேட்கவில்லை" தொங்குகிறது. வருகிற விருந்தாளிகள் அதைப் படித்துவிட்டு என்ன இது என்று கேட்காமல் இருப்பதில்லை. ரெஜினா உற்சாகமாக நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு ஆரம்பிப்பாள். நான் எல்லோருக்கும் காபி போட உள்ளே போய்விடுவேன். கேஸ் அடுப்பில் ஒயர் கிடையாது, அதனால் அனுமதி உண்டு.