ரீனா அமர்ந்த இடங்கள்

கம்பிப் பற்கள் கொண்ட பிரஷ்ஷை வீரபாகு அதன் முதுகில் வைத்த கணமே, ரீனா எழுந்து சென்று கொய்யா மரத்தடியில் அமர்ந்தது. அமர்ந்து, அவரையே உற்றுப் பார்த்தது.

வேறெந்த நாய் அமர்ந்தாலும் அது ஒரு செய்தியாகாது. ரீனாவோ ஏழு ஆண்டுகள் கண்ணிவெடி தேடி, சென்ற மாதம் ஓய்வு பெற்ற நாய். வெடிமருந்து மணம் பட்டால் அது குரைப்பதில்லை. அந்த இடத்திலேயே அசையாமல் அமர்ந்துவிடும்.

"தயா, அசையாதையும்," என்றார் வீரபாகு, குசினி வாசலில் நின்ற மனைவியிடம்.

கொய்யாவைச் சுற்றித் தடிகள் நடப்பட்டன; சிவப்புச் சேலைக் கிழிசல் கட்டப்பட்டது. அன்று திங்கட்கிழமை. கண்ணிவெடி அகற்றும் பிரிவுக்குத் தொலைபேசி எடுத்தபோது, வெள்ளிக்கிழமை எப்படியும் வரவிருப்பதாகவும், அதுவரை அங்கே கால் வைக்க வேண்டாம் என்றும் பதில் கிடைத்தது.

அந்த வெள்ளிக்கிழமைதான் வீரபாகுவின் கவலை. அப்பிரிவினர் ரீனாவை ஒரு மாதம் வளர்த்துப் பார்க்கும்படியே கொடுத்திருந்தார்கள். அன்று வந்து பார்த்து, பராமரிப்புப் போதாது என்று கண்டால், பூவரசங்குளத்தில் காத்திருக்கும் வேறொரு குடும்பத்திடம் அது போய்விடும். உரோமமோ நாற்காலி முதல் சோற்றுக்கோப்பை வரை உதிர்ந்துகொண்டிருந்தது.

மகள் சுரேகா மணமுடித்துக் கனடா சென்ற பின்னர், தயாளினி தேவைக்கு மேல் வாய் திறந்ததில்லை. ரீனா வந்த பிறகே குசினியில் நாள் முழுவதும் அவளுடைய பேச்சுக்குரல் கேட்டது. நாயோடு கதைத்த கதைதான் எனினும், வீரபாகு அதனை விறாந்தையில் இருந்து ஒரு சொல் விடாமல் கேட்டு வந்தார்.

ஆகவே செவ்வாயன்று கிளிநொச்சிச் சந்தைக்குச் சென்றார். கடைக்காரர் ஆதம்பாவா, கம்பி பிரஷ் சடை நாய்க்கே உரியது, கட்டை மயிர் நாயின் தோலை அது கீறிவிடும் என்று விளக்கி, மென்மையான நார் பிரஷ் ஒன்றைத் தந்தார். அதைக் கண்டதும் ரீனா விறாந்தையின் நடுவில் போய் அமர்ந்து, அவரைப் பார்த்தது. விறாந்தையும் மூடப்பட்டது.

"சீமெந்துக்குக் கீழயுமே?" என்றாள் தயாளினி. "மேசன்மார் கண்ணை மூடிக்கொண்டே வீடு கட்டினவங்கள்?"

புதனன்று தமது சப்பாத்து பிரஷ்ஷைப் பயன்படுத்தினார். அதில் பழைய பொலிஷ் எஞ்சியிருந்தமையை அவர் கவனிக்கவில்லை. இடுப்பில் கறுப்புப் பட்டையுடன் ரீனா குசினி வாசலில் அமர்ந்தது.

"அடுப்படியும் போச்சு. இனி எதில சமைக்கிறது?"

"அவள் பொய் சொல்லமாட்டாள், தயா."

"அவள் சொல்லமாட்டாள். நீங்கள் விளங்கிக்கொண்டதில எனக்கு ஐமிச்சம்."

வியாழனன்று ரப்பர் பல் வைத்த பிரஷ் வந்தது. ரீனா தலைவாசலில் அமர்ந்தது. அதன் பின்னர் கணவனும் மனைவியும் யன்னல் வழியாகவே வீட்டினுள் போய் வந்தனர். சோறு கிணற்றடியில் மூன்று கற்களின் மேல் வெந்தது.

வெள்ளிக்கிழமை, ஏழு ஆண்டுகளும் ரீனாவை வழிநடத்திய அனோஜா வந்து இறங்கியபோது, வளவெங்கும் சிவப்புக் கிழிசல்கள் ஆடின. வீரபாகு யன்னலால் முதலில் ஒரு காலையும், சற்று யோசித்து மற்றக் காலையும் வெளியே போட்டார். ரீனா ஓடிச் சென்று அனோஜாவின் முன்னால் அமர்ந்தது.

"பிள்ளை, அப்பிடியே நில்லுங்கோ. அதிலயும் ஒண்டு இருக்கு," என்றார் வீரபாகு.

அனோஜா கறுப்புப் பட்டையைப் பார்த்தாள். யன்னற்கட்டில் வரிசையாகக் கிடந்த நான்கு பிரஷ்களையும் பார்த்தாள். வீரபாகுவின் குரல் தாழ்ந்தது.

"மயிரைப் பாத்து அவளைக் கொண்டுபோயிடாதேங்கோ, பிள்ளை. வாற கிழமைக்குள்ள சரியான பிரஷ் எடுத்துப்போடுவன். அவள் போனால் இவா திரும்பவும் கதைக்காமல் விட்டிடுவா."

தயாளினி கணவரைத் திரும்பிப் பார்த்தாள். அவருடைய சட்டையில் ஒட்டியிருந்த உரோமங்களை ஒவ்வொன்றாக எடுத்தாள்.

அனோஜா படிவத்தில் கையெழுத்திட்டு, ரீனா இங்கேயே இருக்கலாம் என்றாள். பிறகு வாளித் தண்ணீரில் கையை நனைத்துக்கொண்டு முழங்காலிட்டு, ரீனாவின் கழுத்திலிருந்து வால் வரை மெல்லத் தடவினாள். ரீனா கண்களை மூடிக்கொண்டது. கை நிறைய உரோமம் வந்தது.

"அப்ப, பிள்ளை, வெடியள்?"

"வெடியெண்டால் அவள் நிலத்தைத்தான் பாப்பாள், ஐயா. எங்கட காம்பில ஒருநாளும் பிரஷ் இருந்ததில்லை. உங்களைப் பாத்துக்கொண்டு இருந்தவள் எண்டால், கையாலை தடவிவிடச் சொல்லி நாலு நாளாக் கேட்டிருக்கிறாள்."