குவைத்திலும் பழைய இரும்பு எடுக்கிறார்கள்

ஒரு புத்தகத்தை முழுதாகப் படித்தவர்கள் அதைப் பற்றி வாய் திறக்கக் கொஞ்சம் யோசிப்பார்கள். பாதி படித்தவர்களுக்கு அந்தக் கஷ்டம் கிடையாது. நான் எப்போதும் பாதி படித்த கட்சி. "கருத்து சொல்றதுக்குன்னே உன்னப் பெத்து உட்டுட்டாங்க" என்று என் வீட்டுக்காரர் சேகர் சொல்வார். (அவர் சொல்வதும் கருத்துதான் என்பது அவருக்குத் தெரியாது.)

மீஞ்சூரில் ஏறி கும்மிடிப்பூண்டியில் இறங்கும் வரை லேடீஸ் பெட்டியில் எங்கள் மூன்று பேர் ராஜ்ஜியம். பேக்கிங்கில் வேலை பார்க்கும் மேரி, அவளுடைய சூப்பர்வைசர் விமலா அக்கா, ஸ்டோர்ஸில் இருக்கும் நான். மூவருக்கும் சிப்காட்டுக்குள் ஒரே கம்பெனி, மீஞ்சூரில் ஒரே தெரு. மாதம் ஒரு நாவல் வாங்குவோம். மூன்று பேர் எப்படி ஒரே நேரத்தில் படிப்பது? மேரி அட்டைப்பெட்டி அறுக்கும் கட்டரை எடுத்து, நாவலின் முதுகில் இரண்டு கீறு கீறி மூன்று துண்டாக்கிவிடுவாள். யார் கையில் எது சிக்குகிறதோ அதைப் படித்துவிட்டு மாற்றிக்கொள்ள வேண்டும். கொலைகாரன் ஜெயிலுக்குப் போவதை முதலில் படித்து, அடுத்த வாரம் கொலையைப் படித்து, அதற்கடுத்த வாரம் அவன் நல்லவனாக இருந்ததைப் படித்த அனுபவமெல்லாம் எனக்கு உண்டு.

அந்த மாதம் கிடைத்தது ஒரு தமாஷ் நாவல். கோமதி என்றொரு பெண். அவள் புருஷன் ஒருநாள் சட்டையை மாட்டிக்கொண்டு போனவன் திரும்பவேயில்லை. அவள் மூக்கைச் சிந்திக்கொண்டு உட்காரவில்லை. அவருக்கு வடக்கே பெரிய வேலை கிடைத்துவிட்டது என்று தெருவுக்குச் சொல்லிவிட்டு, அவர் அனுப்பியதாகத் தனக்குத்தானே புடவை பார்சல் அனுப்பிக்கொள்கிறாள். கடைசியில் அந்த மகராசன் திரும்பி வந்து கதவைத் தட்டுகிறான். "எங்க வீட்டுக்காரர் வடக்கே இருக்காருங்க, நீங்க யாரு?" என்று கேட்டுவிட்டுக் கதவைச் சாத்துகிறாள். இந்த ஆரம்பமும் முடிவும் எனக்குப் படிக்கக் கிடைத்தன. நடுத்துண்டை ரயிலிலேயே விட்டுவிட்டதாக மேரி சொன்னாள். நடுவில் என்ன பெரிதாக இருந்துவிடப் போகிறது என்று நானும் கேட்கவில்லை.

வழக்கம்போல ரயிலில் எங்கள் கருத்தரங்கம் நடந்தது.

"பாவம்க்கா அது. பொய்தான சொல்லிச்சு, யாரு ஊட்டு சோத்துல மண்ணு வாரிப் போட்டுச்சு?" என்றாள் மேரி.

"எல்லாம் சரி. உட்டுட்டுப் போனவன் திரும்பி வந்தான் பாரு, அதான் நம்பற மாதிரி இல்ல" என்றார் விமலா அக்கா.

நான் தொண்டையைச் செருமிக்கொண்டேன். "ஒரு தெருவே ஏமாந்துச்சாம், யாரு காதுல பூ சுத்தறான்? அந்தத் தெருவுல நான் இருந்திருந்தா ரெண்டே நாள்ல கண்டுபுடிச்சிருப்பேன்."

இருவரும் ஜன்னலுக்கு வெளியே பார்த்தார்கள். அங்கே பார்க்க ஒன்றும் இல்லை.

இங்கே ஒரு விஷயத்தை உங்களுக்குச் சொல்லிவிட வேண்டும். எனக்குத்தான் யாரும் சொல்லவில்லை, நீங்களாவது தெரிந்துகொள்ளுங்கள். விமலா அக்காவின் புருஷன் கனகராஜ் குவைத்தில் வேலை பார்ப்பதாக நான் நம்பிக்கொண்டிருந்தேன். அவர் உண்மையில் நெல்லூர்ப் பக்கம் வேறொரு குடும்பத்தோடு செட்டிலாகிவிட்டார். இது மேரிக்குத் தெரியும், எங்கள் தெருவுக்குத் தெரியும், தெருவில் பால் போடுகிறவருக்கும் தெரியும். நான் மட்டும் தினமும் ரயிலில், "மாமாவுக்கு அங்க வெயில் எப்படிக்கா?" என்று விசாரிப்பேன். "இங்கத்தவிட ஜாஸ்திதான் ராஜி" என்பார் அக்கா. மாமா அனுப்பியதாக எனக்கு ஒரு சென்ட் பாட்டில்கூடக் கொடுத்தார். அரபு நாட்டு வாசனையே தனி என்று தெரு முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தேன். (பாரிமுனை பிளாட்பாரத்தில் வாங்கியதாம்.)

அந்தச் சமயத்தில் அக்கா மகள் பிரியாவுக்கு ஆரம்பாக்கத்திலிருந்து ஒரு வரன் வந்திருந்தது. நல்ல பையன், பெண்ணுக்கும் பிடித்துவிட்டது. பையனின் அத்தை சுசீலாம்மா எங்கள் கம்பெனி கேன்டீனைப் பார்த்துக்கொள்பவர். அவர் வடக்கே இருந்து வருகிறவர், நாங்கள் தெற்கே இருந்து போகிறவர்கள். மீஞ்சூர்ச் சமாசாரம் அவருக்கு எட்ட வழியில்லை. அதற்கு முன் வந்த ஒரு வரன், அப்பன் ஓடிப்போனவன் என்று தெரிந்ததும் தாம்பூலத் தட்டோடு திரும்பிப் போயிருந்தது. இதுவும் போய்விட்டால் பிரியா உடைந்துவிடுவாள். பையன் வீட்டார் பெண்ணோடு நன்றாகப் பழகட்டும், பிறகு நாமே உண்மையைச் சொல்லிக்கொள்ளலாம், அதுவரை குவைத்தே இருக்கட்டும் என்று தெருவே கூடி முடிவெடுத்திருந்தது. தெரு என்றால் என்னைத் தவிர்த்த தெரு.

இந்த நேரம் பார்த்துக் கம்பெனியில் மகளிர் தின விழா வந்தது. எச்.ஆர். மேனேஜர் வழக்கமான கோலப்போட்டி, எலுமிச்சை ஸ்பூனோடு இந்த முறை புத்தக விமர்சனப் போட்டியும் வைத்தார். முதல் ஆளாகப் பெயர் கொடுத்தேன்.

"ராஜிக்கா, வேற புஸ்தகம் எதுனா பேசேன்" என்றாள் மேரி.

"ஏன், இதுக்கு இன்னா கொறச்சல்?"

"ஒண்ணும் இல்ல, உடு" என்றவள், "பேஜாரு புட்ச்சது" என்று முனகியது என் காதில் விழத்தான் செய்தது. பொறாமை என்று நினைத்துக்கொண்டேன்.

மேடை ஏறினேன். ஷெட் முழுக்கப் பெண்கள். முன்வரிசையில் விமலா அக்கா, அவருக்குப் பக்கத்திலேயே சுசீலாம்மா. கதையைச் சொன்னேன், கைதட்டினார்கள். மைக்கில் நம் குரல் நமக்கே திரும்பக் கேட்டால் ஒரு போதை ஏறும் பாருங்கள், அது ஏறியது.

"இந்தக் கதை சுத்தப் பொய். ஒருத்தி புருஷன் வெளியூர்ல இருக்கான்னு பொய் சொன்னா நமக்குத் தெரியாதா? இதோ நம்ம விமலாக்கா இருக்காங்க, மாமா குவைத்துல. ஒரு பேச்சுக்கு, அவரு அங்க இல்லன்னு வெச்சுக்குவோம். ஒரு போன் போட்டா குட்டு உடைஞ்சிடும் இல்ல? அக்கா, மேல வாங்க. மாமாவுக்கு ஒரு வீடியோ கால் போடுங்க, எல்லாரும் பாக்கட்டும்."

மேரி பின்வரிசையிலிருந்து இரண்டு கையையும் ஆட்டினாள். உற்சாகப்படுத்துகிறாள் என்று நானும் திருப்பிக் கையாட்டினேன்.

விமலா அக்கா மேடைக்கு வந்தார். முகத்தில் ரத்தமே இல்லை. "அவரு சைட்டுல வீடியோ கால் பேசக் கூடாதும்மா" என்றார்.

"அப்போ ஸ்பீக்கர்ல போடுங்க." நானா விடுகிறவள்?

சுசீலாம்மா நிமிர்ந்து உட்கார்ந்தார். இனிமேல் மறுத்தால் அதுவே பதிலாகிவிடும். அக்கா நம்பரை அழுத்தினார். நான் மைக்கைப் போனுக்குப் பக்கத்தில் பிடித்தேன். மணி அடித்து, எடுத்துவிட்டார்கள்.

"இன்னா விமலா, சாப்ட்டியா? நாஷ்டா ஆச்சா?"

தூக்கக் கலக்கத்தில் ஒரு ஆண் குரல். அந்தத் தூக்கக் கலக்கம் எனக்குத் தெரியும். பவர் பிளான்ட்டில் நைட் ஷிஃப்ட் முடித்து வந்து என் வீட்டுக் கட்டிலில் என் தலையணையைக் கட்டிக்கொண்டு தூங்குகிற சேகருடைய குரல் அது. கல்யாணமான நாள் முதலாக என்னிடம் ஒருநாளும் கேட்காத கேள்வியை, ஸ்பீக்கரில், அடுத்த வீட்டுக்காரியிடம் கேட்கிறார்.

"யோவ்" என்று கத்துவதற்கு வாயைத் திறந்துவிட்டேன். அதற்குள் அக்கா என் புடவைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டார். யாருக்கும் தெரியாமல், ஒரு குழந்தை பிடிக்கிற மாதிரி. அவர் கண் சுசீலாம்மா மேல் இருந்தது. அப்போதுதான் என் மரமண்டைக்கு எல்லாம் உறைத்தது. ஜன்னல், சென்ட் பாட்டில், மேரியின் இரண்டு கை, பிரியா.

வாயை மூடினேன். என் வாழ்க்கையில் அதைவிடக் கஷ்டமான வேலை நான் செய்ததில்லை.

மூடி என்ன பிரயோஜனம்? போனுக்குள் இன்னொரு குரல் கிளம்பியது. எங்கள் தெருவில் தினமும் வரும் மினி வண்டியின் ரெக்கார்டு. "பழைய இரும்பு, பழைய பேப்பர், உடைஞ்ச பிளாஸ்டிக் சேரு, எடுக்கறது..." ஷெட் முழுக்க ஒலித்தது. அக்கா போனைக் கட் பண்ணினார். 

சுசீலாம்மா மெதுவாகக் கேட்டார். "குவைத்துலயா பழைய இரும்பு எடுக்கறாங்க?"

"ஆமாங்க" என்றேன் மைக்கில். "அங்க பழைய இரும்பு வியாபாரம் பூரா நம்மாளுங்கதான். தமிழ்லதான் கூவுவாங்க. தமிழ்ல கூவுனாத்தான் அரபிக்காரங்களே வெளிய வந்து போடுவாங்களாம்." இத்தோடு நிறுத்தியிருக்கலாம். "சேரு அங்க வெயில்ல சீக்கிரம் உடைஞ்சிடுதாம்" என்றும் சேர்த்தேன்.

எச்.ஆர். மேனேஜர், "இன்ட்ரஸ்டிங்" என்று தலையாட்டினார். அப்படியே நாவலைப் பற்றிய என் கருத்தையும் மாற்றிக்கொண்டேன். "ஆகவே இது நடக்கக்கூடிய கதைதான்" என்று முடித்துவிட்டு இறங்கினேன். மூன்று பேர் கலந்துகொண்ட போட்டியில் மூன்றாம் பரிசு, ஒரு டிபன் பாக்ஸ்.

சாயங்கால ரயிலில் மேரி தன் பையிலிருந்து நடுத்துண்டை எடுத்து என் மடியில் போட்டாள். கோமதிக்காகப் பக்கத்து வீட்டுக்காரியின் புருஷன், வடக்கே போன புருஷனாகப் போனில் குரல் கொடுக்கிறான். தெருவே கூட நிற்கிறது. சேகரைப் பேச வைக்கிற ஐடியாவே இங்கிருந்து எடுத்ததுதானாம்.

"எங்கிட்ட ஏன்டி சொல்லல?"

"உங்கிட்ட சொல்றதுக்கு ஸ்டேஷன்ல அனவுன்ஸ் பண்ணிடலாம்க்கா" என்றாள். விமலா அக்கா சிரித்தார், அழுதார், என் கையைப் பிடித்துக்கொண்டு மீஞ்சூர் வரை விடவேயில்லை. எனக்கும் அழுகை வந்தது.

நாள் குறிப்பதற்கு முன் அக்கா ஆரம்பாக்கம் போய் உண்மையைச் சொன்னார். துணைக்குப் போயிருந்த நான் வாசலிலேயே நின்றேன். சுசீலாம்மா அக்காவை உட்கார வைத்துக் காபி கொடுத்தார்.

"அன்னிக்கே தெரியும்மா. மேடையில நின்னுக்கினு உனக்காக அப்டி ஒரு பொய் சொல்லிச்சே அந்தப் பொண்ணு, அத்தப் பாத்துட்டுத்தான் நான் எங்க ஊட்ல பேசினேன். இத்தினி பேரு கூட நிக்கிற ஊட்ல பொண்ணு எடுத்தா எங்க புள்ளக்கி நல்லதுதான்" என்றவர், வாசல் பக்கம் பார்த்துக்கொண்டே, "ஆனா அதுக்குப் பொய் சொல்ல வரவே இல்ல" என்றார்.

கல்யாணத்தில் சேகர் பந்தி பரிமாறிக்கொண்டிருந்தார். சுசீலாம்மா இலையில் உட்கார்ந்தபடி, "இன்னா நைனா, குவைத்துலேர்ந்து எப்ப வந்தே?" என்று கேட்க, பந்தியே சிரித்தது. அன்றைக்கு அவருக்கு ஒட்டிய குவைத் என்ற பெயர் இன்னும் போகவில்லை. பழைய இரும்பு வண்டி எங்கள் தெருவுக்குள் நுழைந்தால் என் மகள் உள்ளே பார்த்து, "அப்பா, குவைத்துலேர்ந்து கூப்புடறாங்க" என்று குரல் கொடுக்கிறாள். அவர் தூக்கம் கலைந்து எழுந்து, நேராகச் சமையலறைக்கு வந்து, என்னைப் பார்த்து, "சாப்ட்டியா?" என்று கேட்டுவிட்டுத்தான் மறுபடி படுக்கப் போகிறார்.