ஸ்டூலில் உட்கார்ந்தால் ஆங்கிள்தா

பில்லியர்ட்ஸ் ஆட்டத்தில் ஆங்கிள்தாவுக்குத் தெரியாதது ஒன்றுமே கிடையாது. ஒரே சிக்கல், கையில் ஸ்டிக்கைப் பிடித்ததும் அத்தனையும் மறந்துவிடும். பந்தைத் தவறவிட்டுச் சுவரோர ஸ்டூலில் வந்து உட்காருவார் பாருங்கள், அந்த விநாடியில் ஞானம் திரும்பி வந்து உச்சியில் ஏறிக்கொள்ளும்.

பவானிபூரில் நாங்கள் ஞாயிறுதோறும் கூடும் பார்லரில் அவருடைய சொந்தப் பெயர் யாருக்கும் தெரியாது. எதற்கும் ‘ஆங்கிள்’ என்றுதான் ஆரம்பிப்பார். வங்காள ஊர் வழக்கப்படி, அண்ணன் என்ற பொருளில், பின்னால் ஒரு ‘தா’ ஒட்டிக்கொண்டது. டாலிகஞ்ச் ஆட்டோக்காரருக்கே திருப்பத்தில் ஆங்கிள் சொல்லிக் கொடுத்து, நடுவழியில் இறக்கிவிடப்பட்டவர்.

அவரை எதிர்த்து ஆடுபவனும் அவரிடமே யோசனை கேட்பான். கேட்காவிட்டாலும் சொல்வார். அதனாலேயே ஒரு ஆட்டம்கூட ஜெயித்ததில்லை.

ஒருநாள் அவர் மனைவி மாலதி, எங்களுக்கெல்லாம் பௌதி, அதாவது அண்ணி, நேரிலேயே வந்துவிட்டார்.

“ஞாயித்துக்கிழமை ஆனா இங்கயே கிடக்கறார். இன்னிக்கு என் கண்ணு முன்னாடி ஒரு ஆட்டம் ஜெயிக்கட்டும். இல்லேன்னா இதோட சரி!”

எதிராளி நான். எங்கள் வீட்டில் முதன்முதலாகப் பள்ளிக்கூடம் போனவன். தெரிந்தால் செய்துவிடலாம் என்று நம்பி வளர்ந்தவன்.

அன்று அதிசயமாக ஆங்கிள்தாவுக்குக் கடைசியாகப் போடவேண்டிய கறுப்புப் பந்து மட்டும்தான் மிச்சம். அதையும் தவறவிட்டார்; பாக்கெட் வாயில் போய் நின்றது. எனக்கோ அதற்கு முன் போடவேண்டிய சிவப்பு ஒன்று ஓரத்தில் ஒட்டிக் கிடந்தது. நான் தவறவிட்டால் போதும், அடுத்த அடியில் அவர் ஜெயித்துவிடலாம். வேண்டுமென்றே கோணலாகக் குறி வைத்தேன்.

ஸ்டூலில் ஆங்கிள்தா இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டார். முகம் சிவந்தது.

“சும்மா இருங்கோ!” என்றார் பௌதி.

“எப்படி இருக்கறது? தப்பா நிக்கறான் பாரு! டேய், இடது பக்கம் ஒரு நூல் தள்ளு. மெதுவா. உரசிண்டே போகும்.”

“போட்டா நீங்க தோத்துருவீங்க, ஆங்கிள்தா!”

“அதெல்லாம் அப்பறம். மொதல்ல ஒழுங்கா அடி!”

அடித்தேன். சிவப்பு உரசிக்கொண்டே போய் விழுந்தது. அடுத்த அடியில் கறுப்பும்; ஆட்டம் எனக்கு.

ஆங்கிள்தா துள்ளி எழுந்து கைதட்டினார். “பாத்தியா மாலதி? நான் சொன்னேனா இல்லையா!”

பௌதி அந்த முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தார். முந்தானையால் அவர் நெற்றி வியர்வையைத் துடைத்துவிட்டு, “இனிமே ஞாயித்துக்கிழமை மார்க்கெட்டுக்குப் போய்ட்டு இங்க வரட்டும்” என்றார் எங்களிடம்.

இப்போது முருங்கைக்காய் நீட்டிக்கொண்டிருக்கும் பையோடு ஆங்கிள்தா சற்றுத் தாமதமாகத்தான் வருகிறார். அதுவரை ஸ்டூலில் யாரும் உட்காருவதில்லை. கஷ்டமான அடி வந்தால், ஸ்டிக்கைச் சாய்த்து வைத்துவிட்டு வாசலைப் பார்த்துக்கொண்டு நிற்கிறோம்.