சுவேதா ஜாதகம் திறந்த படலம்

மேகம் இறங்கி வந்து முகம் கழுவிப்போகும் சவ்வாது மலையின் மடியிலே, ஜமுனாமரத்தூர்க் கடைவீதியிலே, ஒரு கையால் ஜெராக்ஸ் எடுத்து மறு கையால் ஆதார் திருத்தும் ஆற்றலினாளும், வரிசையில் முந்துவோரை விழியசைவால் பின்னுக்குத் தள்ளும் வீறுடையாளும், கம்ப்யூட்டர் சென்டர் என்னும் ஓரறைப் பேரரசின் தனிப்பெருந் தலைவியுமாகிய சுவேதா நீடு வாழ்க. அவள் ஒரு முற்பகலில் ஆற்றிய பெரும்போரைப் பாடப் புகுந்தோம். கேட்போர் தத்தம் செல்போனைச் சற்றே கவிழ்த்து வைப்பீராக.

போர் மூண்டது ஒரு ஜாதகத்தால். மலைமேல் சாமை விதைக்கும் ராணியம்மாள், மகள் ரம்யாவுக்குப் போளூரில் வரன் கூடிவர, சந்தைக்கான புளிமூட்டையோடும் மகளோடும் வந்து நின்றாள். தாமரைக் கரையிட்டு, மூலையில் விநாயகர் வீற்றிருக்க, சுவேதாவின் மென்பொருள் அச்சிடும் ஜாதகமே எமக்கு வேண்டும், பிறிது செல்லாது என்று மாப்பிள்ளை வீட்டார் ஆணையிட்டிருந்தனர். அம்மென்பொருளோ ஒன்பது கோள்களையும் ஒற்றைச் சிடிக்குள் அடக்கி வந்த முதுபெரு முனி. அம்முனி குடியிருந்த பழைய கம்ப்யூட்டர் ஐப்பசி இடியில் வீரமரணம் எய்திவிட, அரியணையில் இப்போது அமர்ந்திருந்தது புத்தம்புது விண்டோஸ்.

"இன்னும் எம்மா நேரம் ஆவுங்க? போளூர் வண்டி வந்துடும்" என்றாள் ராணியம்மாள்.

"தோ, ஒரே நிமிசங்க" என்று சூளுரைத்தாள் சுவேதா. மலைநாட்டில் நெடும்போர் யாவும் இச்சொல்லிலேயே தொடங்குவன.

பென்டிரைவில் பொன்போல் பொதிந்து வைத்த மென்பொருளை இருமுறை சொடுக்கினாள். 'இச்செயலி இக்கணினியில் இயங்காது' என்று, பரிசில் கேட்டு வந்த பாணனைப் புறங்கையால் விலக்கும் குறுநில மன்னனைப்போல் விண்டோஸ் விலக்கியது. அதற்குப் பழைய விண்டோஸின் வேடம் புனைந்து அனுப்பினாள், ஒற்றனைக் கண்டுகொண்டது. தலைமை அதிகாரியின் முத்திரையிட்டு அனுப்பினாள், முத்திரையையும் மதிக்கவில்லை. நான்காம் முறை, வைரஸ் தடுக்கும் காவற்பூதம் துள்ளியெழுந்து, கோள்கள் ஒன்பதையும் கிருமியென்று கருதி ஒரே கவளமாய் விழுங்கிற்று; பூதத்தின் வாயைப் பிளந்து அவற்றை மீட்டெடுத்தாள். சுவேதாவின் நெற்றியில், மலைக்குளிரையும் மீறி, முத்துவியர் அரும்பியது.

"இன்னிக்கு குடுக்கலன்னா சேத்துப்பட்டுல வேற பொண்ணு பாக்கப் போறாங்களாம்" என்றாள் ரம்யா, தரையைப் பார்த்தபடி. பையனை அவளுக்குப் பிடித்திருந்தது. அதைக் கேட்டதும் சுவேதாவுக்கு இது தன் மானப்போர் ஆயிற்று.

போளூரில் கம்ப்யூட்டர் பழுதுபார்க்கும் போர்க்கலை ஆசான் கோகுலகிருஷ்ணனை அழைத்தாள். அவர் அருள்வாக்கு சுருக்கமாய் வந்தது: "நீ புதுசோட சண்ட போடாதம்மா. அதுக்குள்ளயே பழசுக்கு ஒரு வூடு கட்டிக் குடு."

கம்ப்யூட்டருக்குள் ஒரு பொய்க் கம்ப்யூட்டர், அதில் பழைய விண்டோஸ், அதனுள் முனி. பழைய விண்டோஸின் பிரதி பென்டிரைவிலேயே உறங்கிக் கிடந்தது. ஆனால் வீடு கட்டும் மென்பொருள் இணையத்திலிருந்து இறங்கவேண்டும். கட்புலனாகா நெட்வொர்க்கே, மூடுபனியில் முகம் மறைப்போளே, ஒற்றைக் கோடாய்த் தோன்றி உடனே மறைவோளே, இரங்கி இறங்குவாய் என எல்லோரும் உள்ளத்துள் வேண்டினர். இறங்கவில்லை. அப்போது ரம்யா, கம்ப்யூட்டருக்கு இணையம் ஊட்டும் சுவேதாவின் செல்போனைப் பற்றி, வாசலில் கிடந்த புளிமூட்டைமேல் ஏறி, கோட்டை பிடித்த படைத்தலைவன் கொடி உயர்த்துவதுபோல் வான்நோக்கி உயர்த்திப் பிடித்தாள். ஒரு கோடு மூன்றாயிற்று. பதிவிறக்கம் ஊர்ந்தது, நடந்தது, ஓடியது.

போளூர்ப் பேருந்து வந்து பிளிறியது. ராணியம்மாள் தனியொருத்தியாய்ச் சென்று அதன் முகப்பில் நின்றாள்.

"பொண்ணு கல்யாண விசயம்ங்க. ஒரு டீ குடிச்சிட்டு வாங்களேன்."

ஓட்டுநர் அவளைப் பார்த்தார், புளிமூட்டைமேல் நின்ற மணமகளைப் பார்த்தார், இறங்கி டீக்கடைக்குப் போனார்.

உள்ளே, புதிய விண்டோஸின் வயிற்றுக்குள், பழைய விண்டோஸ் தன் தொன்மையான மங்கல இசையை முழக்கிக் கண்விழித்தது. நீலவானும் பச்சைப் புல்மேடும் விரிந்தன. முனி எழுந்தார். தாமரைகள் பூத்தன, விநாயகர் அமர்ந்தார், சூரியன் முதல் கேது ஈறாக ஒன்பதின்மரும் கைகட்டி அணிவகுத்து, நாழிகையும் விநாடியும் பிசகாது இவள் விதியைக் கணித்துரைப்போம் எனக் காத்துநின்றனர். பெயரும் ஊரும் தேதியும் ஏறின. அடுத்த கட்டத்தில், வெற்றித்தூண் போன்ற ஒற்றைக் கோடு கண்சிமிட்டியது.

"பொறந்த நேரம் சொல்லுங்கம்மா."

உள்ளே திரும்பியிருந்த ராணியம்மாள் கூரையைப் பார்த்து யோசித்தாள். "சாமை அறுத்துக்கினு இருக்கசொல்ல வலி வந்துச்சி. கஞ்சி குடிச்சனா... இல்லீங்க, அன்னிக்கு இன்னும் கஞ்சி குடிக்கல."

வெளியே, டீ குடித்து முடித்த ஓட்டுநர் வெற்றிமுரசென ஹாரன் அடித்தார்.

சுவேதா ஏழரை என்று போட்டாள்.