எஞ்சினை மாற்றினேன், அக்சிலை மாற்றவில்லை

பழைய காருக்குப் புது எஞ்சின் பூட்டுவது எப்படி என்று இன்றும் யாராவது என்னிடம் கேட்பதுண்டு. கேட்பவர் எங்கள் குடும்பத்தைத் தெரியாதவராகத்தான் இருப்பார். தெரிந்தவர்கள் கேட்கமாட்டார்கள், என்னைக் கண்டதும் சிரிப்பார்கள். நானும் சேர்ந்து சிரிப்பேன். வேறென்ன செய்வது?

அப்பா எங்களுக்கு விட்டுப்போனது ஒரு ஏ-40 கார். என்னைவிட முப்பது வயது மூத்தது. உடுவிலில் இருந்து மருதனார்மடச் சந்திக்குப் போவதற்குள் இரண்டு தரம் மூச்சு வாங்கும். எனக்கோ கந்தோரில் வேலை குறைவு, கைத்தொலைபேசியில் வீடியோ அதிகம். அமெரிக்காக்காரர்கள் கிழட்டுக் கார்களுக்குள் பெரிய எஞ்சினைப் பூட்டி, புழுதி கிளப்பிக்கொண்டு பறப்பார்கள். அதற்கு 'ஹொட் ரொட்' என்று பெயராம். முப்பது வீடியோ பார்த்ததும் நான் எஞ்சினியர் ஆகிவிட்டேன். (ஸ்பானரை எந்தப் பக்கம் திருப்பினால் கழலும் என்று தெரியாத எஞ்சினியர்.)

எங்கோ அடிபட்ட ஜப்பான் வான் ஒன்றின் எஞ்சினும், ஐந்து கியர்ப் பெட்டியும் கிடைத்தன. பூட்டித் தர வந்த மெக்கானிக் செல்வண்ணை காருக்குக் கீழே படுத்துப் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினார்.

"தம்பி, இந்த எஞ்சின்ரை இழுவைக்கு உந்தப் பின் அக்சில் தாங்காது. அதையும் மாத்துவம். பிரேக்கையும் ஒருக்காப் பாப்பம்."

"அது பேந்து பாப்பம் அண்ணை. முதல்ல ஓடட்டும்."

முதலில் பிரேக், அடுத்து அக்சில், கடைசியில்தான் எஞ்சின். இந்த வேலைக்கு ஒழுங்கு அதுதான். கியரின் இழுவை முழுவதையும் பின் சில்லுகளுக்குக் கொண்டுபோவது அக்சிலுக்குள் இருக்கும் மெல்லிய தண்டு ஒன்று. பழைய எஞ்சினுக்கென்று செய்தது, புது எஞ்சினைப் பற்றி அதற்கு ஒன்றும் தெரியாது. இதெல்லாம் இப்போது சொல்கிறேன். அப்போது நான் முதலில் வாங்கிப் பூட்டியது, நாலு வீட்டுக்குக் கேட்கும் ஒரு சைலன்சர் குழாய்.

இந்தக் கூத்து நடந்துகொண்டிருந்தபோதே எனக்குக் கலியாணம் பொருந்தியது. எங்களுக்குள் கலியாணம் என்றால் நெருங்கிய சொந்தத்துக்கு வீடு தேடிப் போய்ச் சொல்லவேண்டும். அம்மாவின் ஒரே அக்கா, என் பெரியம்மா, கரவெட்டியில் இருந்தா. அம்மாவுக்கு முழங்கால் வருத்தம், காரில்தான் போகலாம். காரோ முற்றத்தில் வயிற்றைப் பிளந்துகொண்டு கிடந்தது. "வாற கிழமை ஓடும் அம்மா" என்று நான் ஒவ்வொரு கிழமையும் சொன்னேன். கடைசியில் கலியாணத்துக்கு ஐந்து நாள் இருக்க, அம்மா பெரியம்மாவுக்குப் போனில் சொன்னா.

பெரியம்மா கலியாணத்துக்கு வரவில்லை. "போனிலை சொல்லுறதுக்கு நான் என்ன பக்கத்துத் தெருக் கடைக்காரியோ?" என்று கேட்டாவாம். அதற்குப் பிறகு இரண்டு பேரும் நான்கு வருடம் கதைக்கவில்லை. இருவருக்கும் ஒரே பிடிவாதம். அதற்கிடையில் கார் ஒருவழியாக ஓடத் தொடங்கியிருந்தது, பழைய அக்சிலோடுதான்.

ஒருநாள் காலை பத்து மணிபோல, பெரியம்மாவின் மகள் வாணி அக்கா எனக்குப் போன் எடுத்தா. "அம்மாவுக்குக் கொஞ்சமும் ஏலாமல் கிடக்கு. சின்னம்மாவைத்தான் கேக்கிறா. கெதியாக் கூட்டிக்கொண்டு வா."

அம்மா மறுபேச்சில்லாமல் ஞாயிறு ஆராதனைக்குக் கட்டும் வெள்ளைச் சேலையைக் கட்டினா. "ஓட்டோவைப் பிடி" என்றா.

"ஓட்டோவோ? எங்கடை கார் அரைமணித்தியாலத்திலை கொண்டுபோய் விடும்!"

விசரன். அந்த இடத்தில் என்னை யாராவது இரண்டு அறை அறைந்திருக்கவேண்டும்.

காரில் ஏறியதும் அம்மா கண்ணை மூடி ஜெபம் பண்ணத் தொடங்கினா. ஆமென் சொல்லிக் கண்ணைத் திறந்தபோது நீர்வேலி வந்துவிட்டது. "மெல்லப் போடா" என்றா. ஆனாலும் அவவுக்கும் உள்ளூர அவசரம் என்று தெரிந்தது. கைலேஞ்சித் துணியைப் பிழிந்துகொண்டே இருந்தா. புத்தூர், அச்சுவேலி எல்லாம் தாண்டி வல்லை வெளிக்கு வந்தோம். வீடில்லை, கடையில்லை, இரண்டு பக்கமும் உப்புத்தரை, நடுவில் நேர்த் தெரு. முன்னால் ஒரு பஸ். எனக்குப் பொறுக்கவில்லை. கியரைக் குறைத்து, ஒரே மிதி மிதித்தேன். பஸ்ஸை வெட்டிக்கொண்டு முன்னேறியபோது கொண்டக்டர் வாயைப் பிளந்தார். அந்த நிமிடம்தான் என் வாழ்க்கையில் நான் எஞ்சினியராக இருந்த நிமிடம்.

பின்னால் 'டக்' என்று ஒரு சத்தம் கேட்டது. எஞ்சின் சிங்கம் மாதிரி உறுமியது. கார் மட்டும் உருண்டு உருண்டு போய், அமைதியாக ஓரத்தில் நின்றது. நான் எந்தக் கியரில் போட்டு மிதித்தாலும் சத்தம் வந்தது, கார் அசையவில்லை. பஸ் எங்களைத் தாண்டிப் போனது. கொண்டக்டர் சலூட் அடித்தார்.

கொஞ்ச நேரத்தில் ஒரு ஓட்டோ வந்து தானாகவே நின்றது. "என்ன அண்ணை, ஏத்திக்கொண்டு போய் விடட்டோ?"

நான் காருக்குக் கீழேயிருந்து தலையை நீட்டி, "தேவையில்லை, ஐஞ்சு நிமிசத்திலை சரி" என்றேன். அவன் போய்விட்டான். அம்மா அவன் போன திசையையே பார்த்துக்கொண்டிருந்தா. (தண்டு முறிந்தால் தெருவோரத்தில் ஒட்டமுடியாது. எந்த வீடியோவிலும் இதைச் சொல்லவில்லை.)

அரைமணித்தியாலம் போனது. வாணி அக்கா திரும்ப எடுத்தா. "எங்கை நிக்கிறியள்? அம்மா கேட்டுக்கொண்டே இருக்கிறா. சின்னம்மாட்டைக் குடு, அம்மான்ரை காதிலை போனை வைக்கிறன்."

நான் போனை நீட்டினேன். அம்மா கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டா.

"வேண்டாம். போனிலை சொல்லிப் பட்டது போதும். நேரை வந்து சொல்லுறன் எண்டு சொல்லு."

"அம்மா, ஒரு சொல்லுச் சொல்லுங்கோ."

"நேரை வாறன் எண்டு சொல்லடா!"

கடைசியில் எங்களை ஏற்றியது, நீர்வேலியிலிருந்து நெல்லியடிச் சந்தைக்கு வாழைக்குலை கொண்டுபோன ஒரு உழவு இயந்திரம். குலைகளுக்கு நடுவில் அம்மாவை இருத்தினோம். கரவெட்டியில் இறங்கும்போது வெள்ளைச் சேலை முழுக்க வாழைக் கயர்க் கறை. வாணி அக்கா படலைக்கு ஓடிவந்து அம்மாவைக் கட்டிப்பிடித்தா. "இப்பதான் சின்னம்மா, காமணித்தியாலம் இருக்கும், அம்மா மோசம் போயிட்டா."

அம்மா அழவில்லை. உள்ளே போய், கட்டிலருகில் குனிந்து, பெரியம்மாவின் காதில் சொன்னா: "அக்கா, என்ரை மகன்ரை கலியாணம். நேரை வந்து சொல்லுறன். நீ கட்டாயம் வரோணும்."

அதற்குப் பிறகுதான் அழுதா. நான் வாசலில் கிரீஸ் கையோடு நின்றேன். கையைக் கழுவவேண்டும் என்றுகூடத் தோன்றவில்லை.

செத்தவீடு முடிந்து சில மாதங்களில், எங்கள் குடும்பத்தில் எதற்கும் பிந்தி வருகிறவர்கள் "வல்லையிலை நிக்கிறன்" என்று சொல்லத் தொடங்கினார்கள். முதலில் சொன்னது வாணி அக்காதான். எல்லோரும் சிரித்தார்கள், அம்மாவும் சிரித்தா. கனடாவில் இருக்கிற பிள்ளைகள்கூட, வல்லை எங்கே என்று தெரியாமலே, அப்படித்தான் சொல்கிறார்கள்.

போன மாதம் அம்மாவுக்குக் கண் ஒப்பரேசன். நான் கொக்குவிலில் ரயில் கடவையில் மாட்டிக்கொண்டேன். ஆஸ்பத்திரியிலிருந்து அம்மா எடுத்தா.

"எங்கை நிக்கிறாய்?"

வாய்ப் பழக்கம். "வல்லையிலை நிக்கிறன் அம்மா" என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்தேன். அம்மா சிரிக்கவில்லை.

"ஒரு விசயம் அம்மா. வந்து சொல்லுறன்."

"நீ வாற நேரம் வா" என்றா அம்மா. "சொல்லுறதை இப்பவே சொல்லு."

ரயில் போய், கடவையும் திறந்துவிட்டது. பின்னால் ஹோர்ன் அடித்தார்கள். அன்றைக்கு நான் அந்த ஓட்டோவைத் திருப்பி அனுப்பியது பிழை அம்மா என்று, அத்தனை வருடம் சொல்லாததை, போனிலேயே சொன்னேன்.