பச்சையைத் தேடி நீலக் கேட்டுக்குள்

இதயத்தில் ஸ்டென்ட் வைத்துக்கொண்ட மனிதனுக்கு மரங்கள் மீது திடீர்ப் பாசம் வந்துவிடும். மருத்துவப் புத்தகங்களில் இது எழுதியிருக்கிறதா என்று எனக்குத் தெரியாது. என் விஷயத்தில் உண்மை. நாற்பத்து நான்கு வயதுவரை வேப்ப மரத்துக்கும் புங்க மரத்துக்கும் வித்தியாசம் தெரியாமல் நிம்மதியாக வாழ்ந்தவன் நான். திருப்பதியில் டைல்ஸும் பாத்ரூம் சாமான்களும் விற்கும் ஒரு ஷோரூமில் மேனேஜர். பச்சை என்றால் எனக்கு நினைவுக்கு வருவது குளியலறைச் சுவருக்கு ஏற்ற, வழுக்காத ஒரு டைல். அவ்வளவுதான்.

டாக்டர் சொன்னது என்னவோ சாதாரண வார்த்தை. “நல்ல காத்துல நடங்க, டென்ஷன் வேணாம்.” அதை நான் எப்படிப் புரிந்துகொண்டேன் என்றால், ‘கிராமத்துக்குப் போ, இல்லாவிட்டால் செத்துப்போ’ என்று. எங்கள் அபார்ட்மென்ட் பால்கனியில் நின்றால் எதிர்க் கட்டடத்தின் ஏசி மெஷின்கள் வரிசையாகத் தண்ணீர் சொட்டிக்கொண்டிருக்கும். அதைப் பார்த்தபடி நெஞ்சில் கையை வைத்துக்கொண்டு, துடிப்பு சரியாக இருக்கிறதா என்று கவனித்துக்கொண்டே உட்கார்ந்திருப்பேன். (ஒழுங்காகத் துடித்தாலும் பயம். ‘ஏன் இவ்வளவு ஒழுங்காகத் துடிக்கிறது?’)

என் மனைவி கல்பனாவுக்கு இந்தக் கிராம யோசனை பிடிக்கவில்லை. அவள் நகரிக்காரி. பவர்லூம் வைத்திருந்த குடும்பம்.

“நான் தறிச் சத்தத்துலயே தூங்கி வளந்தவ. சத்தம் நின்னுபோச்சின்னா திடுக்குன்னு முழிச்சிக்குவேன். என்னைப் போயி அமைதியான எடத்துக்குக் கூட்டினு போறேன்ற,” என்றாள்.

நான் விடவில்லை. ஓய்வில் இருந்த நாளெல்லாம் போனில் வீடியோ பார்த்தே ஊர்களை அலசினேன். குப்பம் நல்ல ஊர், குளிர்ச்சி, விவசாயம். ஆனால் அந்தப் பக்கம் கேழ்வரகுக் கொல்லைக்கு யானை வரும் என்றார்கள். கிரானைட் லாரியும் வரும். “மூணு பாஷை பேசற ஊரு. மூணுலயும் உன்னால சண்டை போட முடியாது,” என்று கல்பனா அதைத் தள்ளினாள். அடுத்து தடா என்ற ஊர். அது வேண்டாம் என்று நானே முடிவு செய்தேன். ஹைவே லாரிகளின் புகையைக் குடிக்கவா திருப்பதியை விட்டுப் போவது? கடைசியில் நாகலாபுரம் பக்கம் ஒரு சிற்றூரில் வாடகைக்கு வீடு இருப்பதாக ஒரு புரோக்கர் சொன்னார். கிணறு, மாமரம், பின்னால் மலை. அன்று மாலையே போய் ஒரு மண்வெட்டி வாங்கி வந்தேன். வீட்டைப் பார்க்கவே இல்லை. மண்வெட்டி பால்கனியில் தயார்.

புரோக்கரால் கூட வர முடியவில்லை. போனில் வழி சொன்னார். “நேரா போங்க சார். நீலக் கேட்டு. வூட்டுக்காரரு வாசல்ல சேர் போட்டுக்கினு உங்களுக்காக வெயிட் பண்ணுவாரு.”

போனோம். அந்தத் தெருவில் எல்லாக் கேட்டும் நீலம். (பள்ளிக்கூடத்துக்குப் பெயின்ட் அடித்த கான்ட்ராக்டர் மிச்சத்தை மலிவாகத் தள்ளிவிட்டுப் போனாராம். இதை யாரும் முன்கூட்டிச் சொல்லவில்லை.) ஒரு வீட்டு வாசலில் மட்டும் சேர்கள் போட்டிருந்தன. ஒன்றல்ல, முப்பது நாற்பது. ஷாமியானாவும் போட்டிருந்தது. கேட்டருகே, சிரித்த முகத்தோடு ஒருவரின் பெரிய ஃப்ளெக்ஸ். எங்கள் மாவட்டத்தில் பத்தடிக்கு ஒரு ஃப்ளெக்ஸில் யாராவது சிரித்துக்கொண்டுதான் இருப்பார்கள். யாரோ கட்சிக்காரரின் பிறந்தநாள் என்று நினைத்துக்கொண்டு, தெலுங்கில் எழுதியிருந்ததைப் படிக்காமலே உள்ளே போனேன்.

வாசலில் ஒரு பெரியவர் கை கூப்பினார். “திருப்பதியிலருந்தா?”

“ஆமாங்க.”

“வாங்க, வாங்க. உள்ள வாங்கம்மா.”

கல்பனாவைப் பெண்கள் உள்ளே அழைத்துப் போனார்கள். என்ன மரியாதை என்று வியந்தேன். நகரத்தில் வீடு பார்க்கப் போனால் வாட்ச்மேன்கூட எழுந்து நிற்க மாட்டான்.

“பாத்ரூம் எங்கங்க இருக்கு?” என்றேன். தொழில் புத்தி, எந்த வீட்டுக்குப் போனாலும் முதலில் அதைத்தான் பார்ப்பேன். தூரத்திலிருந்து வந்தவனுக்கு அவசரம் என்று நினைத்த பெரியவர், பக்கத்துச் சந்து வழியாகப் பின்பக்கத்தைக் காட்டினார்.

பின்பக்கம் போனேன். கிணறு. தென்னை. மாமரத்தடியில் ஒரு பசு. மலையிலிருந்து காற்று. இனி நமக்குச் சாவில்லை என்று தோன்றியது. போனை எடுத்து எல்லாவற்றையும் வீடியோ பிடித்தேன். பாத்ரூமைத் திறந்து, தரையைத் தட்டிப் பார்த்து, ஃப்ளஷ்ஷை இழுத்து, அதன் சத்தத்தையும் பதிவு செய்தேன். நடுவில் கல்பனா போன் செய்துகொண்டே இருந்தாள். வீடியோ கெடுகிறதே என்று ஒவ்வொரு முறையும் கட் செய்தேன்.

வெளியே வந்தபோது, துவைக்கும் கல்லருகே ஒரு பெண் நின்றிருந்தார். நாற்பது வயதிருக்கும். வெறும் நெற்றி, கசங்கிய முகம். வீட்டு வேலையில் களைத்திருக்கிறார் என்று நினைத்தேன்.

“தண்ணி எப்படிங்க, உப்பா?”

அவர் என்னைப் பார்த்தார். “நல்ல தண்ணிதான். பருப்பு வேகும்.”

“கெணறு வத்துமா?”

“நான் வாக்கப்பட்டு வந்ததுலருந்து வத்தல.”

“எல்லாம் நல்லாருக்கு. பாத்ரூம் டைல்தான் கோணலா ஒட்டியிருக்கு. யாரு போட்டது?”

“அவருதான். ஆளுங்க சரியா வரலன்னு அவரே ஒக்காந்து போட்டாரு.”

“அவரு இல்லீங்களா?”

“இல்ல.”

“சரி, வந்தா சொல்லுங்க. எங்க கடையில நல்ல டைலா தர்றேன்.” அதோடு நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. “அப்புறம், நீங்க எப்போ காலி பண்றீங்க?”

அவர் முகத்தில் இருந்த கொஞ்சநஞ்ச உயிரும் போயிற்று. “கொழுந்தன் அனுப்பிச்சாரா?”

யார் கொழுந்தன் என்று எனக்குத் தெரியாது. ஆனால் கடையில் இத்தனை வருஷம் நின்ற பழக்கம். கேள்வி புரியாவிட்டால் ‘ஆமா’ என்று சொல்லிவிடுவேன்.

“ஆமா. அவருதான் பாத்துக்கினு வரச் சொன்னாரு.”

அவர் துவைக்கும் கல்லின் மேல் மெல்ல உட்கார்ந்தார். “காரியம்கூட முடியலயே,” என்றார். என்னிடம் சொல்லவில்லை. கிணற்றைப் பார்த்துச் சொன்னார்.

அந்த நேரத்தில் சமையல் பந்தலிலிருந்து சாம்பார் வாளியோடு வந்த ஒரு ஆள் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு நின்றிருக்கிறார். அந்தப் பெண்ணின் தம்பி, பெயர் சேகர். வாளியைக் கீழே வைத்தார். அடுத்த கணம் என் சட்டை அவர் கையில் இருந்தது. சந்து வழியாக வாசல்வரை என்னை இழுத்துக்கொண்டு போனார்.

“டேய் முனி, காரியம் முடியறதுக்குள்ள வூட்டப் பாக்க ஆளக் கூட்டினு வந்துட்டியா?”

மொட்டை அடித்த தலையோடு ஒருவர் சேரிலிருந்து எழுந்தார். “இன்னாடா ஒளற்ற? இந்த ஆளு யாருன்னே எனக்குத் தெரியாது.”

“உன் பேரத்தான் சொல்றான். எங்கக்கா கிட்ட எப்ப காலி பண்றன்னு கேக்கறான். கக்கூஸ வீடியோ புடிச்சிக்கினு இருக்கான்.”

அத்தனை பேரும் என்னைப் பார்த்தார்கள். நான் பார்வையை எங்கே வைப்பது என்று தெரியாமல் ஃப்ளெக்ஸைப் பார்த்தேன். அப்போதுதான் தெலுங்கு எழுத்துகள் கண்ணில் ஏறின. கண்ணீர் அஞ்சலி. சிரித்துக்கொண்டிருந்தவர் பெயர் தேவராஜ். வயது நாற்பத்து ஆறு.

பூமி பிளக்கவில்லை. (இந்த மாதிரி நேரத்தில் அது ஒருபோதும் பிளப்பதில்லை.)

முனி கத்த ஆரம்பித்தார். “எல்லாரும் கேட்டுக்கங்க. இது எங்கண்ணன் கட்டின வூடு. அண்ணி இருக்கற வரைக்கும் இத விக்கமாட்டேன். வித்தா நான் எங்க நைனாவுக்குப் பொறந்தவன் இல்ல.”

“அப்ப இவன் எப்படி வந்தான்?” என்று சேகர் பிடியை இறுக்கினார். சட்டைப் பொத்தான் ஒன்று தெறித்தது. நெஞ்சு படபடத்தது. எனக்குத் தெரிந்த ஒரே உண்மையைச் சொன்னேன்.

“சட்டைய விடுங்க. ஹார்ட்டுல ஸ்டென்ட் வெச்சிருக்கு.”

சேகரின் கை தானாக விலகியது. என் நெஞ்சையே பார்த்தபடி நின்றார்.

“எப்ப வெச்சாங்க?”

“போன வருசம். திருப்பதியில.”

“வூட்டுலருந்து கிட்டயா ஆஸ்பத்திரி?”

“பத்து நிமிசம்.”

அவர் தலையை ஆட்டினார். “எங்க மாமாவுக்கும் ஹார்ட்டுதான். இங்கருந்து வண்டியில ஏத்திக்கினு போனோம். புத்தூர் தாண்டல.”

கல்பனா அதற்குள் வெளியே வந்திருந்தாள். அவள் கண்களும் சிவந்திருந்தன. உள்ளே உட்கார்ந்த இரண்டே நிமிடத்தில் அவளுக்கு எல்லாம் தெரிந்துவிட்டது. அதைச் சொல்லத்தான் அத்தனை போன். கையெடுத்துக் கும்பிட்டு, “வாடகைக்கு வூடு பாக்க வந்தோம். கேட்டு மாறி வந்துட்டாருங்க. ஒடம்பு சரியில்லாத மனுசன், மன்னிச்சிடுங்க,” என்றாள். ‘உடம்பு’ என்று அவள் சொன்னது கருணை. அந்தப் பந்தலில் இருந்த எல்லோரும் அதை ‘மூளை’ என்றுதான் எடுத்துக்கொண்டார்கள்.

காரியத்துக்கு வந்தவர்களைச் சாப்பிடாமல் அனுப்பக் கூடாது என்று பெரியவர் உட்கார வைத்தார். என் சட்டையைப் பிடித்த அதே கையால் சேகர் எனக்கு வடை வைத்தார். வேண்டாம் என்று சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. எண்ணெய்ப் பண்டம் தொடக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார், இரண்டு தின்றேன். பக்கத்து இலைக்காரர் என் பக்கம் சாய்ந்து, “நான்தாங்க நீங்க பாக்க வந்த வூட்டுக்காரன். காலைலருந்து சேர் போட்டுக்கினு ஒக்காந்திருந்தேன். சாப்பாட்டு நேரம் ஆயிடுச்சேன்னு இங்க வந்தேன்,” என்றார். நான் பட்ட பாட்டை எல்லாம் முதல் வரிசையில் உட்கார்ந்து பார்த்திருக்கிறார்.

சாப்பிட்ட பிறகு அவர் வீட்டையும் பார்த்தோம். குறை சொல்ல ஒன்றும் இல்லை. அதே காற்று, அதே மலை, அதே பருப்பு வேகும் தண்ணீர். நான் மாமரத்தடியில் நின்றுகொண்டு தேவராஜை நினைத்தேன். இந்தக் காற்றைத்தான் அவர் பிறந்ததிலிருந்து சுவாசித்தார். இந்த மண்ணில்தான் தினமும் நடந்தார். ஏசித் தண்ணீர் சொட்டும் சந்துக்குள் உட்கார்ந்து பரோட்டா தின்றவன் நான். அவர் ஃப்ளெக்ஸில் இருக்கிறார். நான் அவர் வீட்டு வடையைச் செரித்துக்கொண்டிருக்கிறேன். காரணம் மரமும் இல்லை, காற்றும் இல்லை. பத்து நிமிடம்.

திரும்பும் வழியில் பிச்சாட்டூர் வந்ததும் காரை மெதுவாக்கினேன்.

“வேணாம் கல்பனா,” என்றேன்.

அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு அழுதாள். “நான் தறிச் சத்தம் அது இதுன்னு சொன்னதெல்லாம் சும்மா. எனக்கு அமைதின்னா பயமில்ல. தூரம்னாதான் பயம். உனக்கு நெஞ்சுவலி வந்த அன்னிக்கி, ஆட்டோல உன்னப் புடிச்சிக்கினு போறப்ப, ஒவ்வொரு சிக்னல்லயும் நான் செத்துச் செத்துப் பொழச்சேன். அதைச் சொன்னா நீ இன்னும் பயந்துக்குவன்னு சொல்லல.”

இத்தனை மாதமாக என் பயத்தை மட்டும் நெஞ்சில் கை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். பக்கத்திலேயே இன்னொன்று இருந்ததைக் கவனிக்கவில்லை.

கடைசியில் புத்தூர் ஓரத்தில் ஒரு சின்ன வீடு பிடித்தோம். கொய்யா மரம் ஒன்று, தூரத்தில் கொஞ்சம் மலை. எலும்பு முறிந்தால் கட்டுப் போட ஊருக்கே பேர். இதயம் முறிந்தால் திருப்பதிக்கு முக்கால் மணி நேரம். வாடகை பேசுவதற்கு முன் கல்பனா காரை எடுத்து அந்தத் தூரத்தை ஓட்டிப் பார்த்தாள். என் ஆசைக்குக் கொஞ்சம் பச்சை, அவள் பயத்துக்குக் கொஞ்சம் ரோடு. இருவருக்குமே முழுத் திருப்தி இல்லை. அதனால் சரியான முடிவாகத்தான் இருக்க வேண்டும்.

பால் காய்ச்சிய அன்று தேவராஜின் மனைவி சரளா வந்திருந்தார். அவரும் கல்பனாவும் போனில் பேசிக்கொள்வது எனக்கு அன்றுதான் தெரிந்தது. கிளம்பும்போது என்னிடம் மட்டும் சொன்னார். “மெய்யாவே வூட்டக் கேட்டு ஒரு ஆளக் கூட்டினு வந்தாருங்க கொழுந்தன். ஊரு முன்னால அன்னிக்கி சொன்ன வார்த்தையப் பெரியவரு எடுத்துச் சொன்னாரு. கொழுந்தன் அந்த ஆளக் கூட்டினு திரும்பிப் போயிட்டாரு.” செருப்பை மாட்டிக்கொண்டே, “எத்தினி நாளைக்கின்னு தெரியல,” என்றார். அவரைப் பஸ் ஸ்டாண்டுவரை கொண்டுபோய் விட்டேன்.

கேட்டு மாறிப் போன நாளிலிருந்து எங்கள் வீட்டில் ஒரு சட்டம் இருக்கிறது. எந்த வீட்டுக்குப் போனாலும் நான் கேட்டுக்கு வெளியே நிற்க வேண்டும். போன மாதம் நகரியில் கல்பனாவின் சித்தப்பா மகனுக்குக் கல்யாணம். பந்தல், சீரியல் லைட், மேளம் எல்லாம் இருந்தன. அப்போதும் என்னைச் செருப்புகளுக்குப் பக்கத்தில் நிறுத்திவிட்டு அவள் மட்டும் உள்ளே போனாள். மாப்பிள்ளை உயிரோடு இருப்பதைக் கண்ணால் பார்த்த பிறகு, வாசலுக்கு வந்து கையசைத்தாள். அவள் சொந்தக்காரர்கள் எல்லோரும் சிரித்தார்கள். நான் போய் முதல் பந்தியில் உட்கார்ந்தேன்.